திருச்சியிலிருந்து பலாலிக்கு 184 கி.மீ.: அந்த ஒரு மணி நேரம் எங்கே போகிறது?

2025 கோடையில், எங்கள் தெருவில் குடியிருக்கும் அக்கா ஒருவர் யாழ்ப்பாணம் போகச் சீட்டு எடுத்திருந்தார். தம்பி மகளுக்குக் கல்யாணம். கைப்பேசியில் வந்திருந்த சீட்டை என்னிடம் நீட்டி, "தம்பி, இதிலை ஒரு மணித்தியாலம் எண்டு கிடக்கு. கொழும்புக்குப் போறதுக்கும் அதே ஒரு மணித்தியாலம்தானே? யாழ்ப்பாணம் எங்களுக்குக் கிட்டவெல்லோ, பிறகேன் அவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

சரியான கேள்வி. திருச்சியிலிருந்து கொழும்புக்கான கட்டுநாயக்க விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 417 கி.மீ. பலாலியில் இருக்கும் யாழ்ப்பாணம் விமான நிலையமோ 184 கி.மீ.தான். தூரம் பாதிக்கும் கீழே. நேரம் மட்டும் ஏன் குறையவில்லை? அன்று வாசலில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் எதையோ சொல்லி அனுப்பினேன். அவர் முகத்தில் நிறைவு இல்லை. அன்று விட்டுப்போனதை இங்கே முழுதாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் அந்த 184 எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். யாரையும் நம்ப வேண்டியதில்லை, பள்ளிக்கூடக் கணக்கு போதும். விமான நிலையம் ஒரு புள்ளி அல்ல. திருச்சி ஓடுபாதை மட்டுமே ஏறக்குறைய இரண்டரை கி.மீ. நீளம். அதனால் ஒவ்வொரு நிலையத்துக்கும் நடுவில் ஓர் இடத்தைக் குறித்து, அதன் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் அறிவித்திருக்கிறார்கள். திருச்சிக்கு அது வடக்கு 10.765 பாகை, கிழக்கு 78.71 பாகை. பலாலிக்கு வடக்கு 9.792, கிழக்கு 80.07. கழித்துப் பார்த்தால், பலாலி நமக்குத் தெற்கே 0.973 பாகையும் கிழக்கே 1.36 பாகையும் தள்ளி இருக்கிறது.

நம் பக்கத்தில் ஒரு பாகை அட்சரேகை 110.6 கி.மீ. அப்படியானால் தெற்கே 107.6 கி.மீ. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப்போக நெருங்குபவை என்பதால், நில நடுக்கோட்டில் 111.3 கி.மீ. இருக்கும் ஒரு பாகை, பத்தாவது அட்சரேகைக்கு வரும்போது சுமார் 109.5 ஆகச் சுருங்கிவிடும். எனவே கிழக்கே 149 கி.மீ. இனி பிதாகரஸ் தேற்றம்தான். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 184 வந்து நிற்கும். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போன்ற சுமார் 3000 கி.மீ. தூரத்துக்கு இப்படிக் கணக்குப் போட்டால் பூமியின் வளைவைத் தவறவிட்டுவிடுவோம். அங்கே கோளத்துக்கான சூத்திரம் வேண்டும். இந்தக் குட்டித் தூரத்துக்கு வளைவால் வரும் வேறுபாடு ஒரு கி.மீ.கூடத் தேறாது.

இதே தூரத்தை விமானிகள் 99 என்பார்கள். அவர்கள் கணக்கு கடல் மைலில். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. தரையில் நாம் சொல்லும் மைலில் இதுவே 114. மூன்று எண்ணும் சரிதான். எந்த அலகு என்று பார்க்காமல் படித்தால்தான் குழப்பம்.

சரி, அந்த நேர்கோட்டை வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கோடு திருச்சியிலிருந்து தென்கிழக்காக இறங்கி, பட்டுக்கோட்டையை இடப்பக்கமும் பேராவூரணியை வலப்பக்கமும் விட்டுவிட்டு, மல்லிப்பட்டினத்துக்கும் அதிராம்பட்டினத்துக்கும் இடையில் கடலைத் தொடுகிறது. அதுவரை சுமார் 86 கி.மீ. தரை. அதற்குப் பிறகு பாக் நீரிணை, ஏறத்தாழ 95 கி.மீ. காங்கேசன்துறைப் பக்கம் கரை ஏறினால் பலாலி ஓடுபாதை கையெட்டும் தூரம். பாதி சோழ நாட்டுத் தென்னந்தோப்பும் வயலும், பாதி கடல். கடலைக் கடக்கும்போது கோடியக்கரை இடது சன்னல் பக்கம் சுமார் 30 கி.மீ. அப்பால் இருக்கும். வானம் தெளிந்த நாளில், இரண்டு கரைகளையும் ஒரே பயணத்தில், அதுவும் சில நிமிட இடைவெளியில் பார்த்துவிடலாம்.

இனி நேரத்துக்கு வருவோம்.

இரண்டு ஊர்களின் பெயரைக் கொடுத்தால் பறக்கும் நேரத்தைச் சொல்லும் கணிப்பான்கள் பலவும் ஓர் எளிய கணக்கைத்தான் போடுகின்றன. மணிக்கு 800 அல்லது 850 கி.மீ. என்று ஒரு வேகத்தை வைத்துக்கொண்டு தூரத்தை வகுத்து, ஏற இறங்க என்று அரை மணி நேரத்தைக் கூட்டிவிடும். 184-ஐ 800-ஆல் வகுத்தால் 14 நிமிடம். அரை மணியைச் சேர்த்தால் 44. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 800 கி.மீ. வேகம் பெரிய ஜெட் விமானத்துடையது, அதுவும் முப்பதாயிரம் அடிக்கு மேல் போன பிறகு எட்டுவது. இந்தத் தடத்தில் பறப்பது ஏடிஆர் 72 என்னும் விசிறி விமானம். இண்டிகோ வைத்திருக்கும் வகையில் 78 இருக்கைகள். அதன் உச்சப் பயண வேகமே மணிக்கு 510 கி.மீ. அளவுதான்.

அந்த 510-ஐயும் அது எவ்வளவு நேரம் தொடுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இவ்வளவு குறைந்த தூரத்துக்கு விமானம் மிக உயரம் போகாது. 13,000 அடி என்று வைத்துக்கொள்வோம். நிறைந்த பாரத்தோடு நிமிடத்துக்குச் சராசரி 1000 அடி ஏறினால் 13 நிமிடம் ஆகும். ஏறும்போது வேகம் குறைவு, மணிக்கு 350 கி.மீ.யைச் சுற்றித்தான் இருக்கும். அந்த 13 நிமிடத்தில் விமானம் கடப்பது 75 கி.மீ. அதாவது பட்டுக்கோட்டையைத் தாண்டிக் கடற்கரையை நெருங்கும்போதுதான் ஏறியே முடித்திருக்கும்.

இறங்குவதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் வேண்டும் என்பது விமானிகள் மனத்தில் வைத்திருக்கும் வாய்ப்பாடு. 13,000 அடிக்கு 39 கடல் மைல், நம் கணக்கில் 72 கி.மீ. பலாலிக்கு 72 கி.மீ. முன்பே, கரையைத் தாண்டி சுமார் 26 கி.மீ. போனதுமே, விமானம் மூக்கைத் தாழ்த்த ஆரம்பித்துவிட வேண்டும்.

இப்போது மிச்சத்தைப் பாருங்கள். 184-இல் 75-ஐயும் 72-ஐயும் கழித்தால் 37 கி.மீ. முழு வேகத்தில் அதைக் கடக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. விமானம் தனக்கென்று அறிவித்திருக்கும் வேகத்தில் ஓடுவது இவ்வளவுதான். எல்லாம் சேர்த்தால் ஏற்றம் 13 நிமிடம், சமமாகப் பறப்பது 5 நிமிடத்துக்குள், இறக்கம் 10, ஓடுபாதைக்கு நேராக வந்து வேகத்தைத் தணித்து இறங்க இன்னும் ஆறு ஏழு. மொத்தத்தில் 35 நிமிடம் பக்கம் ஆகாயத்தில் இருக்கும். உயரத்தையோ வேகத்தையோ கொஞ்சம் மாற்றிப் போட்டால் இந்த எண்களும் கொஞ்சம் நகரும், படம் மாறாது.

பிறகு ஏன் சீட்டில் ஒரு மணி? சீட்டில் அச்சாவது பறக்கும் நேரம் அல்ல. விமானம் நின்ற இடத்திலிருந்து சக்கரத் தடுப்புக் கட்டையை எடுத்து நகர்வதில் தொடங்கி, இறங்கிய ஊரில் போய் நின்று மறுபடி கட்டை போடுவது வரைக்கும் உள்ள நேரம் அது. பிளாக் டைம் என்பார்கள். இழுவை வண்டி பின்னுக்குத் தள்ளுவது, இயந்திரத்தை உயிர்ப்பிப்பது, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வேறொரு விமானம் இறங்கும்வரை காத்து நிற்பது, இறங்கிய பிறகு திரும்ப ஊர்ந்து வருவது எல்லாம் அதற்குள் அடக்கம். தாமதம் வந்தால் சமாளிக்கச் சில நிமிடங்களையும் நிறுவனங்கள் சேர்த்தே அட்டவணை போடுவது வழக்கம். குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே கதவு திறந்தால் விமானி வேகமாக ஓட்டினார் என்று பொருள் இல்லை, அந்தச் சேமிப்பு அன்று செலவாகவில்லை, அவ்வளவுதான்.

அக்காவின் கேள்விக்கு விடை இதற்குள் இருக்கிறது. தூரம் எவ்வளவாக இருந்தாலும் குறையாத ஒரு நேரம் ஒவ்வொரு பயணத்திலும் உண்டு. நகர்வது, ஏறுவது, இறங்குவது, நிற்பது. கொழும்பு போகும் ஜெட்டுக்கும் அதே செலவு உண்டு. ஆனால் நடுவில் கிடைக்கும் தூரத்தை அது மணிக்கு 700, 800 கி.மீ. என்று விழுங்கிவிடுகிறது. பலாலிக்கு நடுவில் விழுங்கத் தூரமே இல்லை. திருச்சியிலிருந்து சென்னைக்கு வான்வழி சுமார் 293 கி.மீ.; அதுவும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். சிங்கப்பூருக்குப் பலாலியைப் போல 16 மடங்கு தூரம், நேரமோ நான்கு மடங்கு சொச்சம். திருச்சிக்காரர்களுக்குச் சிங்கப்பூர் விமானம் பழகியது, அதனால் இதை எளிதில் உணரலாம்.

சிங்கப்பூர் என்றதும் இன்னொன்று. சீட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அதனால் சேரும் நேரத்திலிருந்து கிளம்பும் நேரத்தைக் கழித்தால் தவறான விடைதான் வரும். யாழ்ப்பாணத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. 1996-இல் இலங்கை தன் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளியது. 2006-இல் மறுபடி இந்திய நேரத்தோடு சேர்த்துக்கொண்டது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் இந்த இரண்டு கரைகளுக்கும் நடுவே நேரமும் வேறாக இருந்தது. இப்போது இரண்டு ஊரிலும் ஒரே மணி.

காற்றைச் சொல்லாமல் திருச்சி விமான நிலையத்தைப் பற்றிப் பேச முடியாது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் ஊருக்கே பொருந்தும் சொல். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் மேற்குக் காற்று ஆனி, ஆடி மாதங்களில் திருச்சியைப் புரட்டி எடுக்கும். விமானம் பொதுவாகக் காற்றை எதிர்த்துத்தான் ஏறும். எதிர்க்காற்று இறக்கைக்குத் தூக்கு விசை தரும், குறைந்த ஓட்டத்திலேயே எழும்பிவிடலாம். திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. போக வேண்டியது தென்கிழக்கே. மார்கழியில் காற்று கிழக்கிலிருந்து வரும்போது கிழக்கே பார்த்து ஏறி லேசாக வலப்பக்கம் திரும்பினால் பலாலித் திசை. ஆடியில் மேற்கே பார்த்து ஏறியாக வேண்டும். ஏறிய பிறகு ஒரு பெரிய வளைவு போட்டுத் திரும்பி, கிளம்பிய இடத்துக்குப் பக்கமாகவே மறுபடி வர வேண்டும். இதில் மட்டும் சில நிமிடம் கரைந்துவிடும்.

அதே மேற்குக் காற்று மேலே போனதும் பின்னாலிருந்து தள்ளி உதவாதா என்று கேட்கலாம். உதவும். ஆனால் கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான். காற்று மணிக்கு 40 கி.மீ. தள்ளினாலும், 100 கி.மீ. தூரத்தை 12 நிமிடத்துக்குப் பதில் 11 நிமிடத்தில் கடப்போம், அவ்வளவுதான். நீண்ட பயணங்களில் மேற்காற்று மணிக்கணக்கில் வித்தியாசம் தரும். இங்கே ஓடுபாதையின் எந்த முனையிலிருந்து கிளம்பினோம் என்பது காற்றின் வேகத்தைவிடப் பெரிய விஷயம்.

பலாலி ஓடுபாதை தென்மேற்கு வடகிழக்காக இருக்கிறது. நாம் வருவதோ வடமேற்கிலிருந்து. ஏறத்தாழக் குறுக்காக வருகிறோம். எந்தப் பக்கம் இறங்கினாலும் ஓடுபாதையைத் தாண்டியோ சுற்றியோ ஒரு திருப்பம் போட்டுத்தான் நேராக வர முடியும். அதோடு, வானில் நேர்கோட்டில் போக எப்போதும் அனுமதி கிடைத்துவிடாது. குறித்த வழிப்புள்ளிகளைத் தொட்டுப் போக வேண்டும். நடுக்கடலில் சென்னைக் கட்டுப்பாட்டு மையத்தின் பொறுப்பிலிருந்து கொழும்பு மையத்தின் பொறுப்புக்கு விமானம் கைமாறும். வரைபடத்தில் 184 இருந்தாலும் உண்மையில் பறந்த தூரம் 200-ஐத் தாண்டினால் வியப்படைய ஏதுமில்லை.

எரிபொருளும் இப்படித்தான். 35 நிமிடப் பயணத்துக்கு 35 நிமிட எண்ணெய் போட்டுக்கொண்டு யாரும் கிளம்ப மாட்டார்கள். பலாலியில் மழை கொட்டி இறங்க முடியாமல் போனால் இன்னோர் ஊருக்குப் போய்ச் சேர எண்ணெய் வேண்டும், அது கொழும்போ திரும்பத் திருச்சியோ. அதற்கும் மேல், விசையாழி இயந்திர விமானம் (ஏடிஆரும் ஜெட்டும் இந்த வகைதான்) கடைசியாக இன்னும் 30 நிமிடம் வட்டமடிக்கப் போதுமான எண்ணெயைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. ஆக, போகும் வழிக்கு வேண்டியதைவிட அதிகமான எண்ணெய், தேவைப்படாமலே போகட்டும் என்ற நம்பிக்கையில் ஏற்றப்படுகிறது. குட்டிப் பயணங்களின் கட்டணம் தூரத்துக்கு ஏற்றபடி மலிவாக இல்லையே என்று நாம் குறைப்படும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம். தரையிறங்கும் கட்டணம், பணியாளர், தரைச் சேவை எல்லாம் 184 கி.மீ.க்கும் 1000 கி.மீ.க்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

விசிறி விமானத்துக்குப் பதில் ஜெட் விட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். பயணிகள் கூடுவார்கள், சரி. நேரம்? பத்தாயிரம் அடிக்குக் கீழே எந்த விமானமும் பொதுவாக 250 நாட் (மணிக்கு 250 கடல் மைல்) வேகத்தைத் தாண்டக் கூடாது, அதாவது மணிக்குச் சுமார் 460 கி.மீ. இந்தத் தடத்தில் பயணத்தின் பெரும்பகுதி அந்த உயரத்துக்குக் கீழேதான் நடக்கிறது. ஜெட் தன் வேகத்தைக் காட்ட இங்கே இடமே இல்லை. நாலைந்து நிமிடம் மிச்சமாகலாம், அதற்கு ஈடாக எண்ணெய் கூடுதலாக எரியும். குறுந்தூரத்துக்கு விசிறி விமானம்தான் பொருத்தம் என்பது என் கருத்து. ஓசையும் அதிர்வும் கொஞ்சம் கூடுதல், உண்மை. ஆனால் இறக்கை உடலுக்கு மேலே பொருத்தப்பட்டிருப்பதால் எல்லாச் சன்னலிலிருந்தும் கீழே பார்க்கலாம். இந்தக் கடலைக் கடக்க அது பெரிய வரம்.

இந்த இடத்தில் பழைய கணக்கு ஒன்றை எடுத்துப் பார்க்க வேண்டும். பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படைக்காக அமைந்தது. போர் முடிந்தபின் பயணிகளுக்குத் திறந்தது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் பயணமே இந்த வழியாகத்தான் நடந்தது. சீதாதேவி என்று பெயரிட்ட டகோட்டா விமானம் கொழும்பு இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வந்து, அங்கிருந்து சென்னைக்குப் பறந்தது. டகோட்டாவின் வேகம் மணிக்குச் சுமார் 300 கி.மீ. இன்றைய ஏடிஆரின் வேகம் அதைவிட 200 கி.மீ. அதிகம். ஆனால் 184 கி.மீ. தூரத்தில் அந்த வேகத்தால் மிச்சமாவது பத்து நிமிடம் பக்கம்தான். எழுபத்தெட்டு ஆண்டுப் பொறியியல் முன்னேற்றம் இந்த நீரிணையின் மேல் கொடுப்பது பத்து நிமிடம்.

வரலாறு எடுத்துக்கொண்டதோ பல பத்தாண்டுகள். ஏர் சிலோன் 1970-களின் இறுதியில் மூடப்பட்டது. பிறகு போர் வந்தது. 1990-இல் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தார்கள், பலாலியைச் சுற்றியிருந்த வீடும் தோட்டமும் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பிய லயன்ஏர் விமானம் மன்னாருக்கு அருகே கடலில் விழுந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டார்கள். போர் முடிந்து பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2019 அக்டோபர் 17 அன்றுதான் பலாலி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் வந்தது. நாலைந்து மாதத்துக்குள் கொரோனா. மறுபடி விமானம் வர 2022 டிசம்பர் 12 ஆனது. 2024 செப்டம்பர் 1 முதல் சென்னையிலிருந்து இண்டிகோ; 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்தும். சென்னையிலிருந்து பலாலி 354 கி.மீ., திருச்சியிலிருந்து அதில் ஏறத்தாழப் பாதி.

ஓடுபாதையை நீட்டலாமே, பெரிய விமானம் வரட்டுமே என்று சொல்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அங்கே ஓடுபாதைக்கு அப்பால் இருப்பது வெற்றுப் பொட்டல் அல்ல. திரும்பக் கிடைக்குமா என்று முப்பத்தைந்து ஆண்டுகளாக மக்கள் காத்திருக்கும் காணிகள். ஐந்து நிமிடம் மிச்சப்படுத்த அந்தக் காணிகளைக் கேட்பது நியாயமில்லை.

திருச்சிப் பக்கமும் இப்படி ஒரு காத்திருப்பு உண்டு. விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே கொட்டப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. விமானங்கள் ஏறி இறங்கும் ஓசை அங்கே அன்றாடம் கேட்கும். 184 கி.மீ. என்ற எண்ணை நான் முதன்முதலில் கணக்குப் போட்டு எடுத்தபோது, அந்த முகாமைக் கடந்து எத்தனை முறை போயிருக்கிறேன் என்பதுதான் நினைவுக்கு வந்தது. திருச்சியிலிருந்து ராமேசுவரம் போகும் தூரத்தைவிட அதிகமில்லாத ஒரு தூரம்.

கடலும் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 60 கடல் மைல், சுமார் 110 கி.மீ. 2023 அக்டோபர் 14 அன்று பயணிகள் கப்பல் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. கடந்துபோக ஏறக்குறைய நான்கு மணி நேரம். திருச்சிக்காரர் நாகப்பட்டினம் போய்ச் சேர்வதற்கு வேறு மூன்று மணி நேரத்துக்கு மேல். கடல் சீறும் மாதங்களில் கப்பல் நிற்கும். ஆனால் மூட்டை முடிச்சோடு போகிறவர்களுக்குக் கப்பலின் அருமை தெரியும்.

வாசலில் கிளம்பி வாசலில் போய் இறங்கும்வரை கணக்குப் பார்த்தால்தான் பயண நேரம் என்ன என்பது தெரியும். வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்கிறார்கள். பாதுகாப்புச் சோதனை, குடியேற்றப் பிரிவு, சுங்கம். திருச்சியில் 2024 ஜூனிலிருந்து புதிய முனையம் இயங்குகிறது, இடம் தாராளம். இருந்தும் வளைகுடா விமானமும் சிங்கப்பூர் விமானமும் ஒரே நேரத்தில் கூடிவிட்டால் வரிசை நீளும். பலாலி சிறிய நிலையம். அங்கே ஒரு விமானத்தில் வந்தவர்கள்தான் வரிசை. பெட்டி வரத் தாமதமாகாவிட்டால் முக்கால் மணியில் வெளியே வந்துவிடலாம். அங்கிருந்து யாழ்ப்பாண நகரம் பதினேழு, பதினெட்டு கி.மீ.

இந்தத் தடத்தில் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்றால் வானத்தில் தேடிப் பயனில்லை. மேலே ஐந்து நிமிடம்தான் குறைக்கக் கிடக்கிறது. தரையில் மூன்று மணி நேரம் கிடக்கிறது. ஒரு வரிசையில் இன்னும் இரண்டு அதிகாரிகளை உட்கார வைத்தால் கிடைக்கும் பலன், எந்த ஜெட் விமானம் கொடுப்பதைவிடவும் பெரிது. அதைவிடப் பெரிய பலன், விமானம் நாள் தவறாமல் வருவது. அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும். வாரத்தில் சில நாள் மட்டும் ஓடும் விமானத்தைத் தவறவிட்டால், அந்தப் பயணத்தின் நீளம் ஒரு மணி நேரம் அல்ல, இரண்டு நாள்.

அக்கா கல்யாணம் முடிந்து திரும்பி வந்ததும் எனக்குப் பனங்கட்டி கொண்டுவந்து கொடுத்தார். நேரக் கணக்கை விசாரித்தேன். காலை ஒன்பதே காலுக்கு வீட்டில் ஆட்டோ ஏறியிருக்கிறார். மதியம் ஒரு மணிவாக்கில் விமானம் நகர்ந்தது. சன்னல் பக்கம் இடம். கரை மறைந்து தண்ணீர் தெரிய ஆரம்பித்ததும் கைப்பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்திருக்கிறார்.

"பைக்கற்றை உடைச்சு ரெண்டாவது பிஸ்கற் வாயிலை வைக்கேக்கை பெல்ற்றைப் போடச் சொல்லிட்டினம் தம்பி. என்னடா இது, இப்பத்தானே கழட்டினாங்கள் எண்டு பாத்தன். எட்டிப் பாக்க அங்காலை கரை தெரியுது."

நான் போட்ட கணக்கில் வந்த அந்த ஐந்து நிமிடம் அதுதான். மூன்றரை மணிக்குத் தம்பி வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போனாராம். 35 ஆண்டுகளுக்கு முன்பு வெளிக்கிட்ட அதே வீடு. படலை மட்டும் புதிது.